முட்டிப் பூட்டு

"உண்மையைச் சொல்லுங்க காசிண்ணா. எங்கனா வழுக்கி விழுந்தீங்களா?"

"அண்ணாமலையார் சத்தியமா இல்ல மேடம்."

கனகலதா, காலைத் தாங்க மாட்டும் அந்தக் காலிப்பரை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். முட்டிக்கு நேரே மடங்கும் பூட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். இதைப் பார்க்கவா மெட்ராஸ் உலோக ஆய்வுக்கூடத்திலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

காசிக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே தேங்காய்க் கடை. குழந்தையில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனவன். ஆனாலும் விடிகாலையில் மலையைச் சுற்றாமல் கடை திறக்கமாட்டான். புது உலோகத்தைச் சோதிக்க இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்றுதான் போன கார்த்திகையில், 1982இல், அவள் இந்தக் காலிப்பரை அவனுக்கு மாட்டிவிட்டாள்.

"இரும்புலயே பண்ணியிருக்கலாமே மேடம்?"

"இரும்பு கனம்ணா. போலியோ வந்த பிள்ளைங்க அதை மாட்டிக்கிட்டு நாலு வீடு தாண்டறதுக்குள்ள உக்காந்துடுதுங்க. இது மக்னீசியம். இரும்புல கால்வாசி கனம்தான். ஆனா பலமும் கம்மி."

"பலம் ஏத்த முடியாதா?"

"அதுக்குத்தானே இத்தனை வருஷம் போராடினேன்! உருக்கி வேகமா அச்சுல அடிக்கும்போது காத்து உள்ளே மாட்டிக்குது. பலம் ஏத்த உலையில வெச்சா, அந்தக் காத்து உப்பி, அப்பளம் மாதிரி கொப்புளம் கிளம்பிடும்."

"அப்புறம்?"

"கலவையை மாத்தினோம். அருமண் உலோகம்னு ஒண்ணு, அதைத் துளி சேத்தோம். உலையில சூட்டைக் கம்மி பண்ணி, நேரத்தை ஜாஸ்தி பண்ணினோம். கொப்புளம் வரல. பலமும் ஏறிச்சு. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்."

விற்க வைத்திருந்த தேங்காய் ஒன்றைக் கையில் உருட்டியபடி காசி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி உண்ணாமலை, மெல்லக் கேட்டாள்: "அப்ப இனிமே இது கெடைக்காதாம்மா?"

கணவன் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டாள் கனகலதா.

"கெடைக்காதுக்கா. திங்கக்கிழமை ஆபீஸ்ல பெரியவங்க கூட்டம். இந்த விரிசலைப் பாத்ததும் மொத்த வேலையையும் இழுத்து மூடிடுவாங்க. இரும்பே போதும்னு சொல்றவங்க அங்க நெறைய பேரு."

"ஒரு வருஷம் ஒழைச்சிதே மேடம்! அது போதாதா?" என்றான் காசி.

"ஒரு ஆளு தினம் ஒரு சுத்து சுத்தினா, ரெண்டு வருஷம் தாங்கணும்ணா. அதுதான் என் கணக்கு. பாதியிலயே விரிசல் விட்டுடுச்சு. அப்போ உலோகம் சரியில்ல. இல்லாட்டி நான் சரியில்ல."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு காலிப்பரைப் பைக்குள் திணித்தாள். தெருவில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காசி மனைவியைப் பார்த்தான். சொல்லிவிடலாமா என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. உண்ணாமலை, "மேடம் அழுவறாங்க. இனிமே மறைக்கிறது பாவம்" என்றாள்.

"என்ன மறைச்சீங்க?" கனகலதா சட்டென்று திரும்பினாள்.

"கோவிச்சிக்காதீங்கம்மா. இவரைத் தவிர வேற யாரும் போடக்கூடாதுன்னு நீங்க கண்டிசனா சொன்னீங்க. தெரிஞ்சா புடுங்கிக்கினு போயிடுவீங்களோன்னு பயந்துட்டோம்."

உண்ணாமலை இடது முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்து, பலகையைப் பற்றிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து எழுந்து நின்றாள்.

"எனக்கும் இதே காலுதாம்மா. காலையில அவரு மலை சுத்திட்டு வந்து கழட்டுவாரு. சாயங்காலம் அதையே மாட்டிக்கினு நான் சுத்துவேன். ஒரு நாளு உட்டதில்ல."