தாளில் இல்லாத மன்றாட்டு

சுருக்குப்பையிலிருந்து செபமாலையை எடுத்தபோது, அதோடு சேர்ந்து இன்னொன்றும் ஆண்டோவின் உள்ளங்கையில் விழுந்தது.

ஒரு ஸ்பிளிட் பின். விரல் நீளம்கூட இல்லை. புதுசு.

பூசையில் மன்றாட்டு வாசிக்க மைக்குக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். வாசிக்கும்போது விரல் நடுங்காமலிருக்கச் செபமாலையை இடது கையில் சுற்றிக்கொள்வது அவன் பழக்கம். இப்போது சுற்ற மறந்து பின்னையே பார்த்தான்.

அந்தப் பின் இருக்க வேண்டிய இடம் அன்வர் பாஷாவின் வேன். முன்சக்கரத்து நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே குத்தி மடக்குகிற பின். அது இல்லாவிட்டால் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று வெளியே வரும். அப்புறம் சக்கரம் தனி, வண்டி தனி.

நேற்றுச் சாயங்காலம் தன் பட்டறையில் கிரீஸ் வைத்து, நட்டை முறுக்கி, பின்னைக் கையில் எடுத்த நேரம் பார்த்துக் கோயில் கோபுரத்துக் கோன் ஸ்பீக்கரில் செபமாலை தொடங்கிவிட்டது. அக்டோபர், செபமாலை மாதம். இந்த ஒரு மாதம் எந்த வேலையாக இருந்தாலும் ஆண்டோ போட்டது போட்டபடி எழுந்துவிடுவான். கை கழுவினான். பையிலிருந்து செபமாலையை எடுத்தான். பின் தொலைந்துவிடக் கூடாதே என்று காலிப் பைக்குள் போட்டான்.

பத்திரமாகத்தான் இருந்தது.

ஐம்பத்து மூன்று மணியும் முடித்து வந்தவன், மூடியைத் தட்டிப் பொருத்தி, சக்கரத்தை மாட்டி, சாவியைக் கொடுத்துவிட்டான்.

"தொப்பூர் எறக்கம் எறங்கணும் ஆண்டோ, கொழந்தைங்க வர்றாங்க. எல்லாம் பாத்துட்டியா?" என்று அன்வர் கேட்டார்.

"நம்ம கை பட்ட வண்டிங்க பாய். தூங்கிக்கினே போலாம்."

ஞாயிறுதோறும் தூரத்துக் கொட்டாய் ஊர்களிலிருந்து சனங்களைப் பூசைக்கு ஏற்றிவருவது அன்வர்தான். முடியும்வரை புளியமரத்தடியில் வேனிலேயே உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு மட்டும் அப்படியில்லை. தங்கச்சி மகளுக்குச் சேலத்தில் நிக்கா. பென்னாகரம் பஸ்ஸில் அவர் மனைவி ஷகிலாவும் பிள்ளைகளும் வந்து இறங்கினதும் கிளம்பிவிடுவார்.

முதல் மன்றாட்டு திருச்சபைக்காக. வாசித்தான். என்ன வாசித்தாய் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம்.

வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

ஓடிவிடலாம்தான். ஆனால் வாசல் அந்தக் கடைசியில் இருந்தது. நடுவில் சனம் எள் போட்டால் விழாத நெருக்கத்தில் நின்றிருந்தது. அதைப் பிளந்து போவதற்குள் வேன் மெயின் ரோட்டுக்குப் போய்விடும். செல்போன் வீட்டில்.

சரி, மைக்கில் சொல்லலாம். இருநூறு பேருக்கு முன்னால் என்னவென்று சொல்வது? பின் போட மறந்த மெக்கானிக் என்றா? நாளைக்கு எவன் வண்டியை விடுவான்?

இந்த யோசனை வந்ததே அவனுக்கு அசிங்கமாக இருந்தது. அந்த அசிங்கத்தோடேயே இரண்டாவதையும் வாசித்தான், நாட்டை ஆள்பவர்களுக்காக.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

வேன் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். என்ஜின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

வண்டியை நிறுத்துங்கள் என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். பதினைந்து வருடமாக அந்த மைக்கில் மன்றாட்டே வாசித்துப் பழகிய வாய். அது தன் ராகத்திலேயே போனது.

"அன்வர் பாய் வேனின் முன்சக்கரத்தில் நான் பின் போடவில்லை. தவறு என்னுடையது. அந்த வண்டி ஓர் அடிகூட நகரக் கூடாதென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்."

சொல்லியேவிட்டான். இனிக் கூச்சல் போடுவார்கள், யாராவது வெளியே ஓடுவார்கள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஒரு தலை நிமிரவில்லை. ஃபாதர் கண்ணை மூடியபடி நின்றார். மூன்றாவது வரிசையில் அவன் மனைவி அருள்ராணி, மகளின் ரிப்பனை இறுக்கிக்கொண்டே எல்லோரோடும் சேர்ந்து சொன்னாள்.

வெளியே கியர் விழுந்தது. சக்கரத்தடியில் சரளைக்கல் நொறுங்கியது.

பிறகு நொறுங்குவது நின்றது. என்ஜினும் நின்றது.

மைக்கில் சொன்னதெல்லாம் கோபுரத்துக் கோன் ஸ்பீக்கரிலும் போகும். அது பார்த்திருப்பது அந்தப் புளியமரத்தைத்தான்.

வாசற்படியில் அன்வர் பாஷா வந்து நின்றார். நிக்காவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, செருப்பைக் கழற்றிய கால், ஒரு கையில் ஜாக்கி. உள்ளே வரவில்லை. ஆண்டோவைப் பார்த்து இன்னொரு கையை விரித்து நீட்டினார்.

தாளில் நோயாளிகளும் மழையும் பாக்கி இருந்தன. அதை அப்படியே வைத்துவிட்டு ஆண்டோ இறங்கினான். தோள்களை விலக்கிக்கொண்டு நடந்தான். என்ன அவசரமோ என்று வழிவிட்டார்கள்.

அந்த உள்ளங்கையில் பின்னை வைத்தான். அன்வர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

கோயிலுக்குள் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பது? அடுத்த மன்றாட்டும் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று முன்வரிசையில் யாரோ தொடங்க, இருநூறு குரலும் சேர்ந்துகொண்டது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."