அக்கா உள்ளே இருக்காங்க

சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். அதன் கழுத்து மின்விசிறி வரைக்கும் போயிருந்தது.

குடும்பநல நீதிமன்றத்தைச் சீர்திருத்திவிட்டார்களாம். அதற்கு முதல் சாட்சி இந்த ஒட்டகச்சிவிங்கிதான்.

முன்பெல்லாம் இந்த அறையில் பழைய வழக்குக் கட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடக்கும். இப்போது பாய், பொம்மை, வண்ணப் பென்சில், முழங்கால் உயரத்தில் குட்டிக் குட்டி நாற்காலிகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நான் அதில் ஒன்றில் மடங்கி உட்கார்ந்திருந்தேன். வாசலில் மாட்டிவிட்ட அட்டை கழுத்தில் தொங்கியது. உள்ளே வருகிற பெரியவர்களுக்கும் இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரே நீலக் கயிறு. நான் பெரியவளாம்.

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது எங்களைப் பங்கு போட்டார்கள். பெரியவள் அப்பாவிடம், சின்னவள் அம்மாவிடம். இடைக்கால ஏற்பாடுதான் என்றார்கள். நல்ல இடைக்காலம் போங்கள்!

அப்போது நான் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தங்கச்சிக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பேச வந்ததே ‘க்கா’ ஒன்றுதான். காக்காவைப் பார்த்தாலும் க்கா, என்னைப் பார்த்தாலும் க்கா. காக்காவைத்தான் கூப்பிடுகிறாள் என்று அம்மா கிண்டல் செய்வாள். இல்லை, என்னைத்தான் என்று நான் சண்டைக்குப் போவேன்.

பிறகு அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அம்மா என்னை வந்து பார்ப்பதும் நின்றுபோனது. அப்பா சின்னவளைப் பார்க்கலாம், அம்மா பெரியவளைப் பார்க்கலாம் என்று உத்தரவில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாமா என்று எழுத ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

வாய்தா மேல் வாய்தா. அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இன்று காலையில்தான், புதிதாக வந்திருக்கும் நீதிபதி அம்மா கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

என் தங்கச்சி வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். முதலில் இருவரும் பார்த்துப் பேசுங்கள் என்றார். சின்னவளும் அதையே கேட்டால் ஒரே வீட்டில் இருக்க வழி செய்வதாகச் சொன்னார்.

அவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முகம்கூடத் தெரியாத ஒருத்தியை அவள் ஏன் கேட்கப் போகிறாள்? என்னைப் பார்த்ததும் அக்கா என்று வாய் வருமா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவுக்கு வெளியே, குழந்தைகளைக் கூட்டிவரும் ஆலோசகரின் குரல் கேட்டது.

“அக்கா உள்ளே இருக்காங்க, போம்மா.”

கதவு திறந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். நெற்றி அப்படியே அம்மா.

“அக்கா” என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயைத் திறந்தால் ஓவென்று அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பாட்டுக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீங்கள் பச்சை எடுத்துக்கொள்ளுங்கள், நான் மஞ்சள் எடுத்துக்கொள்கிறேன் என்று பென்சிலை நீட்டினாள்.

நீங்களாம், வாங்களாம். அம்மா மரியாதை சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்திருக்கிறாள். இருக்கட்டும், ஒரே வீட்டில் இருந்தால் நாலு நாளில் ‘போடி’ என்று வந்துவிடும். முதல் சண்டையில் வந்தே தீரும். அந்தச் சண்டையை நினைக்கவே எனக்கு ஆசையாக இருந்தது.

சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து ஒரே தாளில் வரைந்தோம். நான் பச்சையில் கழுத்து வரைந்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நடுநடுவே கதவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

வால் வரைக்கும் வந்தபோது அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். என் நீலக் கயிற்றைப் பார்த்தாள்.

“அக்கா, எங்க அக்கா எப்ப வருவாங்க? போட்டோல பாத்திருக்கேன். ரெட்டை ஜடை போட்டிருப்பாங்க.”

என் கை தானாகத் தலைக்குப் போனது. கழுத்தோடு வெட்டிய முடி.

“வந்துடுவாங்கம்மா” என்றேன்.