மிரண்ட குதிரை

ஏறிவிட்டாள்.

ஏறுவதற்கே மூன்று மாதம் ஆனது. முதல் மாதம் லாயத்து வாசல்வரை போய்த் திரும்பிவிடுவாள். அடுத்த மாதம் சேணத்து அங்கவடியில் காலை வைப்பாள், எடுப்பாள், வைப்பாள், எடுப்பாள். மற்ற காவலர்கள் சிரிக்காத மாதிரி சிரித்தார்கள்.

இன்று ராணியின் முதுகில் உட்கார்ந்திருந்தாள். ராணிக்கு வயதாகிவிட்டது. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத குதிரை.

இன்றும் முடியாமல் போனால் அவளைக் குதிரைப்படையிலிருந்து ஆயுதப்படைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மைதானத்தின் நடுவில் எஸ்.ஐ. தனிஸ்லாஸ் நின்றார். கையில் ஒரு சரவெடி.

"பயம் வந்தா மொதல்ல கைதான் இறுகும். அத மட்டும் பாத்துக்கம்மா. கடிவாள வார் தொய்வாவே இருக்கட்டும்."

குனிந்து திரியைப் பற்ற வைத்தார்.

அன்றும் இதே சரவெடிதான்.

தேர்த் திருவிழா. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். அவள் தன் குதிரை கேசரியின் மேல் இருந்தாள். கூட்டத்தில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். கேசரி முன்னங்காலைத் தூக்கி எழுந்தது. அவள் விழுந்தாள். கேசரியும் சரிந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கை முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அறிக்கை எழுதிக் கொடுத்தாள். ஒரே வரி. வெடிச் சத்தத்தில் குதிரை மிரண்டுவிட்டது.

பொய் என்று நினைத்து எழுதவில்லை. நம்பித்தான் எழுதினாள்.

மிரளும் குதிரையைப் படையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கேசரியை ஏலம் விட்டார்கள்; இன்று லாரியில் ஏற்றிப் போகிறார்கள். எடுத்தவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையை வாடகைக்கு விடுகிறவர். கல்யாண ஊர்வலத்தில் வெடி போடாமலா இருப்பார்கள்? அதை யாரும் கேட்கவில்லை.

ராணிக்குப் பின்னால் சரவெடி படபடவென்று வெடித்தது.

ராணி பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்தது.

அவள் விரல்கள் மூடிக்கொண்டன. மூடிய விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வார் தொய்ந்தது.

ராணி நின்றது. தலையை ஒருமுறை உதறியது. அவ்வளவுதான்.

கைதட்டினார்கள். சிரித்தவர்களும் தட்டினார்கள்.

"பயம் விட்டுப்போச்சா?" என்றார் எஸ்.ஐ.

அவள் தலையாட்டினாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அன்று கேசரியும் ஓர் எட்டுதான் வைத்தது.

இப்போதுதான் கைக்கு நினைவு வந்தது. அன்று அதுதான் இரண்டு வாரையும் நெஞ்சோடு சேர்த்து இழுத்தது. உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டுத் தொங்கியது. அதற்குப் பிறகுதான் கேசரி எழுந்தது. வாயில் வலி தாங்காமல் எழுந்தது.

இறங்கினாள். லாயத்தை நோக்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

வாசலில் லாரி நின்றது. பின்பக்கம் பலகை சாய்த்திருந்தார்கள். கேசரி பலகையில் கால் வைக்க மறுத்து நின்றது. இரண்டு பேர் கயிற்றை முன்னாலிருந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க அது பின்னால் சாய்ந்தது.

பின்னாலேயே வந்த எஸ்.ஐ. அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நீ புடிம்மா. நீ புடிச்சா வரும்."

கயிறு அவள் கைக்கு வந்தது. அவள் இழுக்கவில்லை. தளர்த்திப் பிடித்துக்கொண்டு பலகை மேல் நடந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

குளம்புச் சத்தம் பின்னால் கேட்டது.

ஒரு தயக்கமும் இல்லாமல் வந்தது. தன்னைக் கீழே சாய்த்தவள் பின்னால். லாரிக்குள் அவள் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. வாயின் ஓரங்களில் வெள்ளையாக இரண்டு தழும்பு.

அவள் கயிற்றை லாரிக் கம்பியில் கட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"ஐயா, அன்னைக்கு அது மிரளல. நான்தான் வார இழுத்தேன். அறிக்கைய மாத்தி எழுதித் தர்றேன்."

சொல்லிவிட்டாள். மூன்று மாதத்தில் குதிரை ஏறியதைவிட இது கஷ்டமாக இருந்தது.

எஸ்.ஐ. பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள்.

"வாய் ரெண்டு பக்கமும் கிழிஞ்சிருந்துச்சே. மருந்து போட்டவன் நான்தானே?"

"அப்ப ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஒன்ன அனுப்பியிருப்பாங்க. இந்த லாயத்துக்கு வந்த மொத பொம்பளப்புள்ள நீ. ஒன்ன அனுப்பிட்டா இன்னொருத்திய எடுக்க மாட்டாங்க. நாலு வருஷம் எழுதி எழுதி வாங்கின எடம்மா இது."

"கேசரி?"

அவர் தாழ்ப்பாளைத் தள்ளினார். துருப்பிடித்த தாழ்ப்பாள். இரண்டாம் தடவை உள்ளங்கையால் அடித்துத் தள்ளினார்.

"நாளைக்கு அஞ்சரைக்கு வந்துரு. ராணி வேணாம், வேற குதிர தர்றேன்."

லாரி கிளம்பும்போது பழைய சைலன்சர் டமாரென்று வெடித்தது. வாசலில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

கேசரி ஒரு காதை மட்டும் திருப்பியது. அசையாமல் நின்றது.