பதினாலும் பதினஞ்சும்

“நான் வாங்கிக் குடுத்த கேப்சூலை நீ சாப்பிட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த பதினாலுக்கு மூச்சு வாங்கியது. சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பதினஞ்சு நிமிர்ந்து பார்த்தாள்.

இருவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் உண்டுதான். ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாற்காலி நம்பரே பெயராக ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆகியும் விடவில்லை.

“முதல்ல உட்காருடி. என்ன ஆச்சு?”

“உனக்கு அடுத்த டப்பா வாங்கலாம்னு மருந்துக் கடைக்குப் போனேன். ‘அவங்க கொலஸ்ட்ராலுக்கு டாக்டர் மாத்திரை சாப்பிடறாங்களா’ன்னு கேட்டார் கடைக்காரர். ஆமான்னேன். ‘ஐயோ, ரெண்டும் ஒரே வேலையைச் செய்யற மருந்தும்மா. சேர்த்துச் சாப்பிட்டா தசையெல்லாம் வலிக்கும், கிட்னிக்கே ஆபத்தாகலாம்’னுட்டார். இயற்கை மருந்துதானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு நான்...”

பதினாலு சோபா ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் மாரடைப்பில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ‘அவரைத்தான் கோட்டை விட்டுட்டேன், உன்னை விடமாட்டேன்’ என்று சொல்லித்தான் முதல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

“மூணு வாரமா கால் வலின்னு நம்ம புதன்கிழமை நடைக்குக்கூட வரலையே. அதனாலதானா?”

பதினஞ்சு சிரித்தாள். “அந்தக் கேப்சூலா? அதை நான் தொடவே இல்லையே.”

“என்னது?”

“குப்பையில போட்டுட்டேன். இது வயசுக்கு வர்ற வலி.”

பதினாலு பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே.”

பேச்சு பழைய பக்கம் போயிற்று. வெள்ளம் வந்த வருஷம், மாற்று ஆள் வராமல் இருவரும் முப்பது மணி நேரம் சுவிட்ச்போர்டை விட்டு எழுந்திருக்காதது. ஒருத்தி கண்ணயர்ந்தால் மற்றவள் இடது கையால் அவள் அழைப்புகளின் ஒயர்களையும் சேர்த்துச் செருகியது. ஷிப்ட் முடிந்து, காதில் ஹெட்போன் அழுத்திய தடத்தோடு பேசிக்கொண்டே நடந்து, வீட்டையே தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

சிரித்துக்கொண்டிருந்த பதினாலு சட்டென்று நிறுத்தினாள்.

“ஆமா, ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. ‘சாப்பிடறேன், சாப்பிடறேன்’னியே?”

“சும்மா சொன்னேன்.”

“என்கிட்டயா? அத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து ஒரு தடவைகூட நீ என்கிட்ட பொய் சொன்னதில்லையே! வேண்டாம்னா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம். ஆசையா வாங்கிட்டு வந்ததைக் குப்பையில போட்டியா?”

“சொன்னா நீ விடமாட்டே. அதான்.”

“இனிமே உனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரமாட்டேன், போ!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கிவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பதினஞ்சின் மகள் உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா இப்படிப் பண்றே? பாவம், அந்தப் பெரியம்மா அழுதுட்டே போறாங்க. ரெண்டு டப்பாவையும் ஒண்ணு விடாம முழுங்கிட்டு, குப்பையில போட்டேங்கறே! கால் வலியே அதாலதான்னு நேத்து டாக்டர் சொன்னாரா, இல்லையா?”

பதினஞ்சு ஜன்னல் வழியே, தெருவில் வேகமாகப் போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கோபம் அடுத்த புதன்கிழமைக்குள்ள ஆறிடும்டி. உண்மை தெரிஞ்சா, அப்புறம் ஆயுசுக்கும் அவ என் முகத்தைப் பார்க்க மாட்டா. என் காலையேதான் பார்த்துட்டு இருப்பா.”