ஈரச் சுண்ணாம்பு

சுண்ணாம்பு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

அவள் விரல் வைத்த இடத்தில் குழி விழுந்தது. விரல் நுனியில் வெள்ளை. வெள்ளைக்குள் கொஞ்சம் சிவப்பு.

அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். சில ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் யாரோ காவிக்கல்லைக் குழைத்து இந்தக் குகைச் சுவரில் மனிதர்களை வரைந்திருந்தார்கள். கைகோத்து ஆடும் மனிதர்கள். ஒருத்தி மட்டும் வரிசையை விட்டுத் தள்ளி நின்றாள்.

விரலில் ஒட்டியிருந்தது அந்த ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

"தொடாதீங்கம்மா, இன்னும் காயல," என்றார் சென்னப்பன்.

மலையில் ஆடு மேய்ப்பவர். போன வருடம் மழைக்கு ஒதுங்க அவளுக்கு இந்தக் குகையைக் காட்டியவர். இன்று அவர் கைகள் முழங்கை வரை வெள்ளையாக இருந்தன. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. அதன்மேல் பளிச்சென்று காவிப் பட்டைகள். நடுவில் மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை.

குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்த்தியாகவே பூசியிருந்தார்கள்.

அன்று ஓவியங்களைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்து வந்தது பயம். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவளுக்குத் தெரியாதா? விஷயம் வெளியே போனால் கரித்துண்டோடு காதலர்கள் வருவார்கள். பின்னாலேயே ஜல்லி உடைக்கிறவர்கள் வருவார்கள். தொன்மை, பாரம்பரியம் என்றெல்லாம் சென்னப்பனுக்கு விளக்கிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமையில்லை. சுருக்கமாகச் சொன்னாள்.

இது சாமி, யாரையும் தொட விடாதீர்கள்.

கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டு மலை இறங்கினாள்.

அவர் விடவில்லை. ஜல்லிக்காரர்களை ஊரே திரண்டு விரட்டியது. காதலர்கள் பக்கத்தில்கூட வரவில்லை. போன வாரம்வரை ஓவியங்கள் அப்படியே இருந்தன.

அவளுக்குத்தான் திரும்பி வர நேரமில்லாமல் போயிற்று. தேர்வு, விடைத்தாள், கிடைக்காத விடுப்பு. செல்போனில் எடுத்த படங்களில் இருட்டைத் தவிர ஒன்றும் விழவில்லை. அதற்கும் அவசரப்படவில்லை. பாறை எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டாள்.

போன வாரம்தான் போன் செய்தாள். நல்ல கேமரா கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள்.

சாமியை முதலில் பார்த்தவளே வருகிறாள். அழுக்குச் சுவரையா காட்டுவார்கள்?

சொல்லாமல் வந்திருக்கலாம். தன் பாட்டுக்கு வந்து, படம் எடுத்து, தன் பாட்டுக்குப் போயிருக்கலாம். வாழ்க்கையில் அவளாகக் கண்டுபிடித்தது இந்த ஒன்றுதான். அதையும் ஒரு போன் செய்து அழித்துவிட்டாள்.

அழுதால் சுற்றி நிற்கிற ஊர்க்காரர்கள் பக்தி என்று நினைப்பார்கள்.

அதனால் கொஞ்சம் அழுதாள்.

அப்படியே நினைத்தார்கள். சென்னப்பனின் மனைவி திம்மக்கா தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கற்பூரம் ஏற்றினாள்.

தட்டு உயர்ந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். அவளுக்குச் சுவரைப் பார்க்க மனமில்லை. கண்ணை மேலே திருப்பினாள்.

கூரைப் பிளவுக்குள் ஒரு மான்.

சிவப்பு மான். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் குட்டி. அன்று இது அவள் கண்ணில் படவேயில்லை. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கத்த வேண்டும் என்றிருந்தது. கை தானாகக் கேமராப் பைக்குப் போயிற்று.

"என்னம்மா, மேலயும் சாமி இருக்குதா?" சென்னப்பன் ஆவலாகக் கேட்டார். "சுண்ணாம்பு அரை வாளி மீதி இருக்குது. ஏணியும் இங்கதான் இருக்குது."

அவள் கையை எடுத்தாள்.

"இல்லீங்க. வெறும் பாறை."

அவர் முகம் வாடிவிட்டது.

திம்மக்கா தட்டை நீட்டினாள். தலையைத் தூக்காமலேயே அவள் திருநீறு எடுத்துக்கொண்டாள்.