நரம்பு பிடித்த கை

பழைய தூண்டில் ரீல்களைச் சேர்த்துப் பழுதுபார்ப்பவர் அவர். நைலான் நரம்பைச் சுற்றும்போது, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நாலாக மடித்த ஈரத்துணியால் அது இறுக்கமாக ஏறும்படி இழுத்துப் பிடிப்பது மனைவியின் வேலை.

“மெதுவா சுத்துங்க. என் விரல் என்ன இரும்பா?” என்பாள்.

அவள் இறந்தபின், தனியாகச் சுற்றியதெல்லாம் தொளதொளத்து ரீலின் மூடிக்குள் சிக்கிக்கொண்டது.

இன்று கையிலிருந்தது பக்கத்து வீட்டம்மாவின் இறந்த கணவருடைய ரீல். நாளை அதோடு ஏரிக்குப் போக அந்தம்மாவுக்கு ஆசை. உதவிக்கு வருவதாகச் சொன்ன மகளையும் காணோம். கடவுளை வேண்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் மெதுவாகவே சுற்றினார். நரம்பு இறுகி வந்தது.

முடித்தபோது மகள் ஓடிவந்தாள். “பஸ் கிடைக்கலப்பா... அட, கல்லு மாதிரி இருக்கே! யாரு பிடிச்சது?”

எதிர் நாற்காலியில், நாலாக மடித்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.