கொட்டாவிப் பட்டை

பூங்கோதை எழுதிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், ஸ்டார்ட்அப் முதலாளி ஒருவன் வாரத்துக்கு ஒரு கிறுக்குத்தனம் செய்வான். ஊரே சிரித்தது. ஆனால் அவன் செய்த கிறுக்குத்தனத்தில் யாராவது பணம் போட்டு, மறுவாரமே நிஜக் கம்பெனி தொடங்கிவிடுவார்கள். சேனலுக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு நாள் அவள் கணவன் இளம்பரிதி அலுவலகத்திலிருந்து கழுத்தில் பட்டையோடு வந்தான். கொட்டாவி விட்டால் அது கூவும். மேலாளருக்குத் தகவல் போகும். பூங்கோதை எழுதிய காட்சிதான்.

"கழட்டுங்க அதை."

"கழட்டினா வேலை போயிடும். நீ எழுதினப்போ நானும்தானே விழுந்து விழுந்து சிரிச்சேன்."

பூங்கோதை அன்றிரவே உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை எழுதினாள். அதில் ஊழியர்கள் எல்லோரும் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார்கள்.

தயாரிப்பாளர் தனபால் படித்துவிட்டு முகம் சுளித்தார். "இதுல கம்பெனி எங்கம்மா இருக்கு? யார் வாங்குவா?"

"யாரும் வாங்க முடியாது சார். அதுக்குத்தான் எழுதினேன். ஒரு வரி மாத்தினாலும் வேற ஆளைப் பாத்துக்குங்க."

ஓடுகிற தொடரை இழக்க மனமில்லாமல் அவர் அப்படியே ஒளிபரப்பினார்.

மறுநாள் காலை இளம்பரிதி போன் செய்தான். பின்னால் ஒரே இரைச்சல். "எல்லாரும் பட்டையைக் கழட்டிட்டு ரோட்டுல நிக்கிறோம். எம்.டி. இறங்கி வந்திருக்கார். அவர்கிட்ட நான் என்ன பேசட்டும்?"

"வசனமெல்லாம் எழுதித் தர மாட்டேன்," என்றாள் பூங்கோதை, செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்க வாயால நீங்களே பேசுங்க. நான் வந்து பக்கத்துல நிக்கிறேன்."